வண்டியில் கொடுத்த மக்காத குப்பை எங்கே போகிறது?

"நாம் பிரித்துக் கொடுத்து என்ன, வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று பலரும் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கண்ணெதிரே அப்படி நடந்தால் விட்டுவிடாதீர்கள், புகார் சொல்லுங்கள். சென்னையில் அதற்கான எண் 1913.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து போன்ற அபாயக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். நமக்குக் கடமை வைத்த அதே விதிகள் உள்ளாட்சிக்கும் ஒன்று வைத்தன: மக்காத குப்பையைத் தரம் பிரிக்கப் போதுமான இடம் அமைத்துத் தர வேண்டும். சென்னையில் அதை வள மீட்பு மையம் என்கிறார்கள்.

அங்கே பெரும்பாலும் கைதான் வேலை செய்கிறது. பையைப் பிரித்துக் கொட்டி, பாட்டில், பால் கவர், அட்டைப்பெட்டி, தகரம், கண்ணாடி என்று தனித்தனியாகக் குவிக்கிறார்கள். பிறகு இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகிறார்கள். காற்றடைத்த பாட்டிலாகவே ஏற்றினால் லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது. கட்டு கட்டாக வியாபாரிகள் வழியே ஆலைக்குப் போகிறது.

தண்ணீர் பாட்டிலின் கதையைப் பாருங்கள். பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக். இரண்டையும் சேர்த்துத் துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டில் துண்டுகள் மூழ்கும். மூழ்கியதை அள்ளிக் கழுவி, உருக்கி, பாலியஸ்டர் இழையாக இழுக்கிறார்கள். கரூரில் இந்தத் தொழில் நடக்கிறது. அந்த இழை அப்புறம் சட்டைத் துணியாகிறது.

பால் கவருக்கும் நல்ல கிராக்கி உண்டு. ஆனால் உள்ளே ஒரு மடக்குப் பால் தங்கினாலும் இரண்டே நாளில் புளித்து நாறி, கூட இருக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். அலசிக் கவிழ்த்துக் காயவைத்துக் கொடுத்தால் போதும். மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துளித் துண்டு யார் கைக்கும் சிக்காது. காகிதத்துக்கு எண்ணெய்தான் எதிரி. பஜ்ஜி சுற்றிய தாளைக் காகித ஆலை எடுக்காது.

சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிக்கிடப்பதால் பிரிப்பது கடினம். கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ எரிதிறன் உள்ள, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைக் குப்பைக் கிடங்கில் புதைக்கக் கூடாது என்றன 2016 விதிகள். அதனால் இவை அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு நிலக்கரியோடு எரிபொருளாகப் போகின்றன. இதையும் மறுசுழற்சி என்று கணக்குக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிந்த பொருள் திரும்பி வராது.

பழைய பேப்பர் கடையில் போடுவதாலும் தவறில்லை. அங்கிருந்தும் சரக்கு ஆலைக்குத்தான் போகிறது.

நாப்கின், டயாப்பரைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி இருந்தால் கனமாகச் சுற்றி, "அக்கா, இதுல கண்ணாடி இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பையைப் பிரிக்கப்போகிற கையில் உறை இருக்கும் என்று நம்பிவிட முடியாது.