கப்பலுக்குத் துவாலை வழங்க: எஸ்எஸ்எம் பதிவு, ஸ்பூமி கடன், கே2 பாரம்

சிலாங்கூரின் பந்திங் தோட்டப்புறங்களில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் துணி மொத்தமாக எடுத்து விற்பவர்களுக்கும் பூலாவ் இண்டாவின் உல்லாசக் கப்பல் முனையம் தூரமில்லை. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து எஸ்கேவிஇ நெடுஞ்சாலை அந்தத் தீவுக்கே போகிறது. ஆனால் சிறு வியாபாரியிடம் கப்பல் கம்பெனி நேராக வாங்குவது அபூர்வம். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் ஷிப் சாண்ட்லர்தான் உங்கள் வாடிக்கையாளர். அவர் முதலில் கேட்பது எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவை.

1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஐந்தாண்டு வரை ஒரே தடவையில் கட்டிவிடலாம். எஸ்எஸ்எம்மின் இஸிபிஸ் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும்போது தொழில் விவரத்தில் "தையல்" என்று மட்டும் போடாதீர்கள். துணிமணி வழங்குதல், மொத்த வியாபாரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். தையல் என்று மட்டும் இருந்தால் சாண்ட்லரின் சப்ளையர் பட்டியலில் ஏறும்போது கேள்வி வரும். பதிவு கிடைத்ததும் அதே பெயரில் வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

முதலுக்கு, சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி இருக்கிறது. இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே உள்ள கடன் திட்டம் இது. 4 விழுக்காடு என்று சொன்னால் பலரும் வங்கி வீட்டுக் கடன்போல நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் குறையக் குறைய, வட்டிபோல் கட்டும் இலாபத் தொகை குறையாது. 20,000 வெள்ளியை 5 ஆண்டுக்கு எடுத்தால் ஆண்டுக்கு 800 வீதம் 4,000 சேரும். மொத்தம் 24,000, மாதம் 400 வெள்ளி. சாண்ட்லரோ சரக்கு வாங்கி 30 நாள், 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அந்த இடைவெளியில் இரண்டு தவணை வந்துவிடும். அந்தத் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் முழுத் தொகைக்கும் துணி எடுத்தவர்கள்தான் திணறுகிறார்கள். எழுத்தில் ஆர்டர் வராமல் ஒரு டஜன்கூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சரக்கை நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். 70க்கு 140 செண்டிமீட்டர் துவாலை 0.98 சதுர மீட்டர். 500 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 500 கிராம்) என்றால் ஒன்று 490 கிராம், டஜன் 5.88 கிலோ இருக்க வேண்டும். 430 கிராம்தான் நிற்கிறது என்றால் கைக்கு வந்தது 440 ஜிஎஸ்எம்கூட இல்லை. அடுத்து, ஒன்றை எடுத்து ஐந்து முறை வெந்நீரில் துவைத்துச் சூட்டில் உலர்த்துங்கள். இரு முனையிலும் பஞ்சில்லாமல் ஓடும் பட்டை உடம்புத் துணியைவிட அதிகம் சுருங்கினால் முனை கொசுவிக்கொண்டு நிற்கும். மடித்தால் அடுக்கு சாயும், கப்பலில் அதைக் கழித்துவிடுவார்கள். நீச்சல்குளத் துவாலைக்கு, குளோரினைத் தாங்கும் வாட் சாயம் கேளுங்கள். ரியாக்டிவ் சாயம் குளோரின் பட்டால் வெளுத்துவிடும்.

துவாலையோடு திரைச்சீலையும் போர்வையும் கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள். அவற்றுக்கு ஐஎம்ஓ எனும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் தீச் சோதனை விதி உண்டு. திரைச்சீலை அதன் 7ஆம் பகுதியிலும், மெத்தை, தலையணை, போர்வை 9ஆம் பகுதியிலும் வரும். சான்றிதழ் உள்ள துணியாகத்தான் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் சரக்கின் சுங்க அறிவிப்பு கே2 பாரம். அதைச் சாண்ட்லரோ அவருடைய முகவரோ போடுவார். நீங்கள் தரும் இன்வாய்ஸில் பஞ்சுத் துவாலைக்கு 6302.60 என்ற சுங்கக் குறியீடும், எண்ணிக்கையும், எடையும் சரியாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் 60 என்று இருந்து இன்வாய்ஸில் 5 டஜன் என்று எழுதினால்கூட எண்ணுகிறவர் குழம்புவார். ஒரே அலகில் எழுதுங்கள்.

பெட்டிகளை அடுக்கும் மரப் பலகை பேலட்டில் ஏற்றுவதாக இருந்தால், மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் அனைத்துலக விதியான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியதற்கான முத்திரை அது. பிளாஸ்டிக் பேலட் என்றால் இந்தக் கவலை இல்லை.

2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஐஎஸ்பிஎஸ் எனும் அனைத்துலகக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிப்படி, கப்பலில் ஏறும் சாமான் ஆர்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள். லாரி எண், ஓட்டுநர் ஐசி, பெட்டி எண்ணிக்கை மூன்றையும் முன்கூட்டியே சாண்ட்லரிடம் கொடுங்கள். கடைசி நேரத்தில் வேறு ஓட்டுநரை அனுப்பினால் வாசலிலேயே நிற்க நேரிடும், கப்பல் உங்களுக்காகக் காத்திராது. இறக்கி முடிந்ததும் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் விழுந்த டெலிவரி ஆர்டர் கைக்கு வராமல் லாரியைத் திருப்பாதீர்கள். சாண்ட்லர் பணம் கொடுப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.