கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு முடியாது: கிரெடிட் கார்டும் சிபில் ஸ்கோரும்

பல்லடத்தில் தறி வாங்க, அவிநாசியில் வீடு கட்ட, நாமக்கல்லில் பழைய லாரியை மாற்ற என்று கடன் கேட்டுப் போகிறவர்களுக்கு வங்கியில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்களுக்கு சிபில் சரியில்லைங்க." சிபில் ஸ்கோர் என்பது இதுவரை வாங்கிய கடனை நாம் எப்படிக் கட்டினோம் என்பதற்குக் கொடுக்கும் மதிப்பெண், அந்த விவரம் முழுதும் இருப்பது கடன் ரிப்போர்ட். எந்தக் கணக்கால் சரியில்லை என்று கேட்டால் பதில் வராது. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், எப்போதோ கடைவீதியில் "லைஃப்டைம் ஃப்ரீங்க" என்று கையில் திணித்த கிரெடிட் கார்டில் 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் கிடக்கும். அந்தச் சில்லறைப் பாக்கி லட்சக்கணக்கான கடனை மறித்து நிற்கிறது. இதைத் திருத்த விதி இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, தாமதத்துக்கு இழப்பீடும் இருக்கிறது.

பின்னணி கொஞ்சம்தான். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்கள் இன்று நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஸ்கோர் 300 முதல் 900 வரை. இவர்கள் எதையும் தாங்களாக எழுதுவதில்லை. கார்டு கொடுத்த வங்கி அனுப்புவதைத்தான் பதிகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மாதம் இருமுறையாவது வங்கிகள் விவரம் அனுப்பியாக வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் வங்கிப் பக்கம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பது தெளிவாகும்.

கார்டு ஸ்கோரைக் கெடுக்கும் வழிகளில் முதலாவது, லிமிட்டில், அதாவது வங்கி கார்டுக்கு வைத்த உச்ச வரம்பில், எவ்வளவு தின்கிறோம் என்பது. லிமிட் 50,000, டீசலுக்கும் நூலுக்கும் சேர்த்து 42,000 தேய்த்திருக்கிறீர்கள், கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டியும் விடுகிறீர்கள். ஆனாலும் ஸ்கோர் இறங்கும். காரணம், வங்கி அனுப்புவது பெரும்பாலும் பில் போடும் நாளில் நிற்கும் பாக்கியை. அன்றைக்கு நூற்றுக்கு 84 பங்கு தின்றவராகத்தான் நீங்கள் தெரிகிறீர்கள். பில் போடுவதற்கு மூன்று நாள் முன்பே 30,000 கட்டிவிட்டால் பதிவாவது 12,000, அதாவது 24 சதவீதம். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. வீட்டுக் கடனுக்கோ தொழில் கடனுக்கோ விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று மாதம் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பில் தேதி உங்கள் வரவுக்கு ஒத்துவராவிட்டால் அதை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தர வேண்டும். பார்ட்டி பேமெண்ட் மாதக் கடைசியில் வரும் ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

இரண்டாவது, "மினிமம் கட்டினாப் போதுங்க" என்ற பேச்சு. மினிமம் என்பது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை. மினிமம் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது, உண்மை. ஆனால் 40,000 பாக்கிக்கு மினிமம் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,400, அதன்மேல் ஜிஎஸ்டி 252. ஆக 1,652 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 348 ரூபாய். அதோடு, பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி குறையாது, லிமிட் நிரம்பியே கிடக்கும், ஸ்கோர் ஏறாது. ஒரு கார்டைக் கடையில் தேய்த்து, கமிஷன் போகப் பணமாக வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டும் சுழற்சியும் இதே கதைதான். எல்லாக் கார்டும் நிரம்பி நிற்பதை ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

கெடு தேதியில் ஒரு சலுகை உண்டு. கெடு முடிந்து மூன்று நாள் தாண்டினால்தான் வங்கி அதைத் தவறிய பாக்கி என்று அனுப்பலாம், தாமதக் கட்டணமும் போடலாம். அந்தக் கட்டணமும் கட்டாமல் நிற்கும் தொகைக்குத்தான், மொத்தப் பில்லுக்கு அல்ல. இந்த மூன்று நாளை நம்பி உட்காராதீர்கள். வேறு ஆப் வழியாகக் கட்டும் பணம் கார்டு கணக்கில் ஏற இரண்டு நாள் இழுக்கும், நடுவில் ஞாயிறும் பண்டிகையும் வரும். மூன்று நாள் தாண்டிவிட்டால் தாமதத்தைப் பழைய கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

மச்சானுக்கு ஃபோன், பங்காளிக்கு டிவி என்று நம் கார்டைக் கொடுப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அவர் தவணை கட்டாவிட்டால் பதிவாவது உங்கள் பெயரில்தான். நமக்குள் பேசிக்கொண்ட பேச்சு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. இதன் மறுபக்கம், வீட்டுக்காரர் கார்டில் சேர்த்துக் கொடுத்த ஆட்-ஆன் கார்டை வருஷக்கணக்கில் ஒழுங்காகப் பயன்படுத்தும் பெண்கள். தையல் யூனிட் போடக் கடன் கேட்கும்போது அவர்கள் பெயரில் ஒரு வரிகூட இருக்காது. ஆட்-ஆன் கார்டின் வரவு செலவு முதன்மை அட்டைதாரர் கணக்கில்தான் சேரும். சொந்தப் பெயரில் சிறு தொகை ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன்மேல் தரும் கார்டை வாங்கி மாதாமாதம் முழுசாகக் கட்டி வந்தால் பதிவு உருவாகும்.

இனி, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: கார்டை மூடுவது. கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டால் கார்டு முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டி சேர்ந்து 588.82, அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி. பில் போவது நீங்கள் எப்போதோ மாற்றிவிட்ட ஃபோன் நம்பருக்கு. மூடச் சொல்லி நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போனால், "அது கார்டு டிபார்ட்மெண்ட்டுங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்பார்கள். கஸ்டமர் கேருக்கு ஃபோன் செய்தால் மூடுவதை விட்டுவிட்டுப் புதுச் சலுகை பேசுவார்கள். அசையாதீர்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி இதில் தெளிவாக இருக்கிறது. பாக்கி இல்லாவிட்டால், கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூட விண்ணப்பிக்க ஹெல்ப்லைன், தனி ஈமெயில், இணையதளம், ஆப் எல்லாம் இருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால்தான் ஏற்போம் என்று வங்கி அடம்பிடிக்க முடியாது. ஈமெயிலிலேயே கேளுங்கள், தேதி சாட்சியாக நிற்கும். அதற்கு முன் அந்தக் கார்டில் ஓடும் ஆட்டோ டெபிட்டுகளை நிறுத்துங்கள். இன்சூரன்ஸோ சினிமா ஆப்போ கடைசி நேரத்தில் 149 ரூபாய் பிடித்தால் "பாக்கி இருக்குதுங்க" என்று ஏழு நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும். மூடியதும், பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் நோ டியூ கடிதம் வாங்குங்கள்.

கேட்காமலே அனுப்பிய கார்டு என்றால் ஓடிபி சொல்லாதீர்கள். வங்கி வழங்கிய தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு உங்கள் ஓடிபி சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் அவர்கள் செலவிலேயே மூடியாக வேண்டும்.

செட்டில்மெண்ட் விஷயத்தில் இன்னும் கவனம். கலெக்‌ஷன் ஏஜெண்ட் ஃபோனில் கனிவாகப் பேசுவார்: "அறுபதாயிரத்துக்கு இருபத்தஞ்சு கட்டுங்கண்ணா, க்ளோஸ் பண்ணிடலாம்." கட்டினால் ரிப்போர்ட்டில் ஏறுவது 'க்ளோஸ்டு' அல்ல, 'செட்டில்டு'. முழுசாகக் கட்டவில்லை என்பதன் முத்திரை அது. அடுத்த வங்கிக்காரர் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார். முடிந்தால் தள்ளுபடி செய்த மீதியையும் பேசிக் கட்டி, 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவதாகக் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப் குரல் பதிவும் இங்கே உதவாது.

இப்போது திருத்தும் வழி. நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கோரோடு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் இணையதளத்தில் கட்டணத் திட்டங்கள் முகப்பிலேயே பெரிதாக நிற்கும், இலவச இணைப்பு எங்கோ சின்னதாக இருக்கும். தேடி எடுங்கள். நான்கையும் எடுங்கள், ஏனென்றால் உங்கள் வங்கி எதைப் பார்க்கிறது என்பது தெரியாது. நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அவசரத்தில் ஐந்தாறு வங்கியில் ஒரே மாதம் விண்ணப்பித்தால் குறையும்.

ரிப்போர்ட்டில் முதலில் பெயர், பிறந்த தேதி, பான் நம்பரைப் பாருங்கள். பழனிசாமியும் செந்தில்குமாரும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் இது. இனிஷியல் ஒரு கார்டில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். ஃபோன் நம்பரும் பழசாக இருந்தால் மாற்றுங்கள். யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தாலோ வங்கி தவணை தவறியதாக அனுப்பினாலோ வரவேண்டிய எச்சரிக்கைச் செய்தி அந்த நம்பருக்குத்தான் வரும்.

தப்பு இருந்தால் கார்டு வங்கிக்கும், அந்தப் பதிவு இருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் புகார் போடுங்கள். இல்லாவிட்டால் "வங்கி சொல்லணுங்க", "சிபில்ல கேளுங்க" என்று இரண்டு பக்கமும் பந்தாடுவார்கள். புகாரில் "என் ஸ்கோரை ஏற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். ஸ்கோர் கணக்கிடும் முறை பற்றிய புகாருக்கு இழப்பீடு கிடையாது. "இன்ன கார்டு, இன்ன தேதியில் முழுசாகக் கட்டியது, ரசீது இணைத்திருக்கிறேன், இன்னும் பாக்கி என்று காட்டுகிறது" என்று பதிவைக் குறிவைத்து எழுதுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள், மீதி ஒன்பது நாள் நிறுவனத்துக்கு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. புகார் போடும்போதே வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவிடுங்கள், பணம் அதில்தான் வரும். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. புகார் எண் கையில் இருக்கிற நாளிலிருந்துதான் கணக்கு.

"சிபில் சரிசெய்து தரப்படும்" என்று கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உண்மையான தவறை யாராலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவை நீங்களே செலவில்லாமல் திருத்தலாம்.

முப்பது நாள் ஆகியும் பதிலில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சந்தேகத்துக்கு 14448. கணினி பழக்கமில்லாதவர்கள் தமிழிலேயே கடிதம் எழுதிச் சண்டிகர் செக்டர் 17-ல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு (அஞ்சல் எண் 160017) பதிவுத் தபாலில் அனுப்பலாம். எந்த மொழியில் எழுதினாலும் ஏற்பார்கள். முதலில் வங்கிக்கோ நிறுவனத்துக்கோ போட்ட புகாரின் நகல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திருத்தம் ஆன பிறகு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, அந்தக் கணக்கு சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடன் வங்கிக்குப் போங்கள். அங்கே போன மாதம் எடுத்த பழைய பிரிண்டையே ஃபைலில் வைத்துக்கொண்டு "இன்னும் அப்படியே இருக்குதுங்க" என்பார்கள். புதிதாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.