ஒரு கேமின் மதிப்பெண்ணுக்காக வழக்கில் சிக்கும் பிள்ளைகள்

பழைய வீடியோ கேம் ஒன்றைப் புதிதாக உருவாக்கி வெளியிடும்போது விமர்சகர்கள் அதற்குப் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொதித்துப்போய், அந்த விமர்சகரைத் திட்டியும் மிரட்டியும் எழுதிவிட்டு, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரும் இளைஞர்கள் கோவையில் தொழில் செய்யும் என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்குப் புதியவர்கள் இல்லை. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகப் படிப்பவர்கள். பொறியியல் கல்லூரி மாணவர்கள், திருப்பூரில் வடிவமைப்பு வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பவர்கள். "ஏனுங்க வக்கீலய்யா, கேமுக்கு மார்க்குக் கொறைஞ்சு போச்சுன்னு ரெண்டு வார்த்தை வைஞ்சு எழுதியிருக்கறானுங்க, இதுக்குப் போயி போலீசு கூப்புடுதுங்களா?" என்று தகப்பனார் கேட்பார். அவருடைய வியப்பு நியாயமானது. மகன் எழுதிய அந்த இரண்டு வார்த்தையைப் படித்துப் பார்த்தால், காவல் துறை கூப்பிட்டதிலும் நியாயம் இருப்பது தெரியும்.

பெற்றோருக்காக முதலில் கேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய சண்டைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஃபைனல் ஃபேன்டஸி 7'. கதாபாத்திரமாகவே மாறிப் பல மணி நேரம் ஆட வேண்டிய ஆர்.பி.ஜி. வகையைச் சேர்ந்த இந்த ஜப்பானிய கேம் 1997 ஜனவரியில் முதல் பிளேஸ்டேஷன் கேம் கருவிக்காக மூன்று குறுந்தகடுகளில் வந்தது. அதன் ரீமேக்கை ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2020 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டது. பழைய கதையின் தொடக்கப் பகுதி நிகழும் மிட்கார் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே முழு கேமாக விரித்திருந்தார்கள். முறை வைத்துத் தாக்கும் பழைய சண்டை முறையை மாற்றி, ஓடிக்கொண்டே வெட்டும் முறையை முதன்மையாக்கினார்கள். கதையிலும் கை வைத்தார்கள். பல விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் தளத்தில் நூற்றுக்கு, பழைய கேமுக்கு 92, ரீமேக்குக்கு 87, 2024 பிப்ரவரியில் வந்த அதன் அடுத்த பாகமான 'ரீபர்த்'துக்கு மீண்டும் 92 கிடைத்தன. ஜப்பானின் ஃபமிட்சு இதழில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து வீதம் மதிப்பெண் போடுவது வழக்கம். அங்கே ரீமேக் 40க்கு 39 வாங்கியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இவை எல்லாமே நல்ல மதிப்பெண்கள்தாம். இளம் வயதில் அந்தப் பழைய கேமோடு ஒன்றிப்போன ரசிகருக்கோ 92க்கும் 87க்கும் இடையிலுள்ள ஐந்து புள்ளி தன் நினைவுக்கு நேர்ந்த அவமானமாகத் தெரிகிறது. இன்னொரு தரப்பு ரசிகர், கதையை மாற்றியதற்கு 87 போட்டதே அதிகம் என்று எதிர்த்திசையிலிருந்து வந்து அதே விமர்சகரைத் திட்டுகிறார்.

இந்தச் சண்டையில் எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படுவது ஒன்று உண்டு. விமர்சகர்களுக்கு கேமின் பிரதி முன்கூட்டியே தரப்பட்டு, நிறுவனம் குறித்துக் கொடுக்கும் நேரத்தில் எல்லா மதிப்பீடுகளும் ஒன்றாக வெளியாவதே இத்துறையின் நடைமுறை. அந்த நேரம் பெரும்பாலும் விற்பனை தொடங்குவதற்குச் சில நாள் முன்பாக இருக்கும். ஆகவே மதிப்பெண் தவறு என்று முதல் நாளில் வரிந்து கட்டிக்கொண்டு எழுதுபவர், பெரும்பாலும் அந்த கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். 2014இல் போகிமான் ரூபி, சஃபையர் கேம்களின் ரீமேக்குகள் வந்தபோது ஐ.ஜி.என். தளம் பத்துக்கு 7.8 மதிப்பெண் போட்டு, குறைகளில் ஒன்றாகத் தண்ணீர் அதிகம் என்று குறிப்பிட்டிருந்தது. அது உலகம் முழுவதும் கேலிக்குள்ளாகி, இன்றும் கேலி செய்யப்படுகிறது. கேலி செய்யலாம், அதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை. (கடல் பரப்பு மிகுந்த அந்த கேமை ஆடியவர்களிடம் கேட்டால், விமர்சகர் சொன்னதில் உண்மை இருந்தது என்பார்கள் சிலர்.)

ரசிகரின் கோபத்துக்குக் காரணமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு மெட்டாக்ரிடிக்கில் 85 கிடைத்தால் ஊக்கத்தொகை உண்டு என்ற ஒப்பந்தம் இருந்ததையும், 84 மட்டுமே கிடைத்ததால் அது கைக்கு வராமல் போனதையும் அங்கு பணியாற்றிய வடிவமைப்பாளர் ஒருவரே 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு புள்ளியில் உழைத்தவர்களின் பணம் போகும் என்று தெரிந்த ரசிகர் மதிப்பெண்ணைச் சும்மா எண்ணாகப் பார்க்கமாட்டார். ஆயினும் அந்த ஒப்பந்தத்தை எழுதியது வெளியீட்டு நிறுவனமே ஒழிய, மதிப்பெண் போட்ட விமர்சகர் இல்லை என்பதை என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்ற கேள்விக்கு விடை 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அது அப்படியே தொடர்கிறது. அவதூறு பற்றிய அந்தப் பிரிவின் ஆறாவது விதிவிலக்கு, பொதுமக்களின் தீர்ப்புக்கென்று முன்வைக்கப்பட்ட படைப்பின் தகுதி குறித்தும், அந்தப் படைப்பில் வெளிப்படும் அளவுக்கு அதைப் படைத்தவரின் குணம் குறித்தும் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்கிறது. சட்டமே தரும் உதாரணத்தில் ஒருவர், "இந்த நூல் முட்டாள்தனமானது, எழுதியவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும்" என்று சொல்கிறார். அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இன்னொருவர், "அவர் பலவீனரும் ஒழுக்கங்கெட்டவரும் ஆயிற்றே, நூல் இப்படி இருப்பதில் வியப்பென்ன" என்கிறார். நூலிலிருந்து பெறாத ஒரு கருத்தை ஆளின் மேல் ஏற்றிவிட்டதால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கேம் பொதுமக்கள்முன் வைக்கப்பட்ட படைப்பு என்பதால் விமர்சகர் அதற்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்ணும் போடலாம். அவருடைய விமர்சனமும் அவ்வாறே பொதுமக்கள்முன் வைக்கப்பட்டதுதான் என்பதால், "இது சோம்பேறித்தனமான விமர்சனம், சண்டை முறையையே இவர் புரிந்துகொள்ளவில்லை" என்று ரசிகரும் தாராளமாக எழுதலாம். இந்த அளவுக்கு எழுதியதற்காக யாரேனும் வழக்குப் போட்டால் அதை எதிர்த்து நிற்பதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

நம் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் "காசு வாங்கிக்கொண்டு மார்க் போட்டான்" என்ற வாக்கியம். அதை எழுதும்போது ஒரு கருத்தைச் சொல்வதாகவே நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒருவர்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்டினால்தான் முதல் விதிவிலக்கு உதவும். இல்லையென்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ, அல்லது சமூக சேவையோ தண்டனையாகலாம். என் அலுவலகத்தில், "ஆதாரம் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டால், அந்த விமர்சகர் போட்டி நிறுவனத்தின் கேமுக்கு அதிக மதிப்பெண் போட்டதைக் காட்டுவார்கள். அது ஆதாரமாகாது. விமர்சனத்துக்காக இலவசப் பிரதி வாங்குவதும் லஞ்சமாகாது. இங்குள்ள யூடியூபர் ஒருவர் பணம் வாங்கியதை மறைத்து கேமைப் புகழ்ந்திருப்பார் என்று மெய்யாகவே சந்தேகம் வந்தால், அதற்கு வேறு வழி உண்டு. தவறான விளம்பரங்களையும் பிரபலங்களின் பரிந்துரைகளையும் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், விற்பவரோடு உள்ள பணத் தொடர்பைச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மிரட்டலுக்கு வந்தால் இவ்வளவு நெளிவுசுளிவு கிடையாது. நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரையும், கொல்வேன், கை கால் எடுப்பேன் என்ற வகை மிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பெயரை மறைத்துப் போலிக் கணக்கிலிருந்து மிரட்டினால் தப்பிக்கலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அப்படி மறைந்திருந்து மிரட்டுவதற்குத்தான் அதே பிரிவில் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை வைத்திருக்கிறார்கள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்ற விளக்கத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம்தான். ஆனால் அந்த விமர்சகரின் வீட்டு முகவரியும் பக்கத்தில் போடப்பட்டிருந்தால் அது எடுபடுவது கடினம். முகவரியை வெளியிடுவதற்கென்று தனிக் குற்றப் பிரிவு இல்லாவிட்டாலும், மிரட்டலோடு சேர்ந்து வரும்போது நோக்கத்தைக் காட்டும் சான்றாக அது மாறிவிடுகிறது. சிவகிரிப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மகன் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, ஏலத்துல ஏவாரி நம்ம மஞ்சளுக்கு வெலை கொறைச்சுக் கேட்டா, கட்டுபடியாகலீன்னு சொல்லிப்போட்டு மூட்டையத் தூக்கீட்டு வர்றோம்; அவன் வூட்டு விலாசத்தச் செவுத்துல எழுதிப்போட்டா வர்றோம்?" என்று கேட்டார். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது தெளிவாக இருந்தது.

விமர்சகர் பெண்ணாக இருந்துவிட்டால் பேச்சின் தரம் வேறு மாதிரி இறங்கிவிடுவதை இவ்வகைக் கோப்புகளைப் படிக்கிற எவரும் கவனித்திருப்பார்கள். கேமைப் பற்றிய பேச்சே மறைந்துபோய், அவருடைய உடலையும் குடும்பத்தையும் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கேமுக்குப் பத்துக்கு 7 மதிப்பெண் போட்ட பெண் விமர்சகர் ஒருவர்மீது உலகெங்குமிருந்து வசை பொழிந்தது. அடுத்த இரு வாரங்களுக்குள், குறைகள் மலிந்திருந்த அந்த கேமை சோனி நிறுவனமே தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே அப்படி எழுதினால், நியாய சன்ஹிதாவில் பெண்ணின் மாண்பைக் குலைக்கும் சொல்லுக்கான 79ஆம் பிரிவும், விடாமல் பின்தொடர்வதற்கான 78ஆம் பிரிவும், ஆபாசமாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் சேரும். இவற்றில் சிக்கிய பிள்ளைக்காகச் சமரசம் பேச மறுதரப்பு வக்கீலிடம் போவது எனக்கே கூச்சமாக இருக்கும்.

கேமையே ஆடாமல் கும்பலாகப் போய்ப் பூஜ்யம் போடுவது குற்றமா என்றும் கேட்கிறார்கள். தன் சொந்தக் கணக்கிலிருந்து ஒருவர் பூஜ்யம் போடுவது அற்பமான செயல், குற்றம் இல்லை. 2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு வெளியான அன்றே இப்படிப் பூஜ்யங்கள் குவிந்ததை அடுத்து, பயனர்கள் மதிப்பெண் போட 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று மெட்டாக்ரிடிக் அடுத்த மாதமே விதி செய்தது. ஆனால் பிறருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தி அவர் பெயரில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விமர்சகரின் தளத்தையே முடக்குவது இன்னும் பெரிய குற்றம். 2017இல் 'செல்டா' வரிசையில் வந்த ஒரு கேமுக்குப் பத்துக்கு ஏழு போட்ட விமர்சகரின் தளம் அப்படித்தான் தாக்கி முடக்கப்பட்டது. இந்தியாவில் இருந்துகொண்டு அதைச் செய்பவர்மீது அதே சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகள் பாயும்.

இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யும் சட்டத்தைத்தான் ரத்து செய்துவிட்டார்களே என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் வாதிடுவதுண்டு. அவர்கள் சொல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை. அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாததாக்கியது. எரிச்சலூட்டும் செய்தி, தொந்தரவான செய்தி என்று எல்லையே இல்லாத சொற்களால் பேச்சுரிமையை நெரித்ததால் அது போனது. மிரட்டலும் அவதூறும் அதற்கு முன்பும் குற்றங்களாகவே இருந்தன, பின்பும் இருக்கின்றன.

தண்டனை வரை போகும் வழக்குகள் குறைவு. வழக்கு நிலுவையில் கிடக்கும் காலமே இளைஞர்களுக்குப் பெரிய தண்டனையாகிவிடுகிறது. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றுக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வாங்கலாம் என்றாலும், ஜெர்மனியில் சேர்க்கைக் கடிதத்தோடு நிற்கும் மாணவருக்கு அந்தத் தாமதமே போதும், ஒரு ஆண்டு கைவிட்டுப் போகும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நடக்கும். அங்கே அணுகுமுறை திருத்துவதை நோக்கியதாக இருக்கும் என்பதால் பெற்றோர் வயதுச் சான்றை முதல் நாளே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதே வட்டாரத்தில் தமிழில் கேம் விமர்சனம் செய்யும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வசைக்கு ஆளாகி என்னிடம் வருபவர்கள் அவர்கள். திரைப்பிடிப்பு எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இணைய முகவரி, தேதி, நேரம், அனுப்பிய கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி சேமித்து, அந்தக் கைபேசியையே மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, சாதனத்துக்குப் பொறுப்பானவரும் நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். புகாரை மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் கொடுக்கலாம். 1930 என்ற சைபர் உதவி எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு, அதாவது எழுதிவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு, ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுக்கு மிகாத தண்டனையுள்ள இத்தகைய குற்றங்களில் பெரும்பாலும் நேரில் வரச் சொல்லி, குற்ற விசாரணை நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவின்கீழ் அறிவிப்புத்தான் வரும். அதற்கு ஒழுங்காகப் போய் ஒத்துழைப்பவரைக் கைது செய்வதற்குக் காவல் துறை தனிக் காரணம் எழுத வேண்டும். ஆனால் அறிவிப்பைக் கண்டதும் நம் ஊரில் முதலில் நடப்பது, அண்ணனோ மாமாவோ சிம் கார்டை உடைத்து, கைபேசியைச் சுத்தமாக அழித்துக் கொடுப்பது. சான்றாகப் பயன்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம், அதற்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. இரண்டு ஆண்டுக் குற்றத்தோடு வந்த பிள்ளை மூன்று ஆண்டுக் குற்றத்தையும் சேர்த்துச் சுமப்பதோடு, அழித்துக் கொடுத்த அந்த மாமாவும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் ஏறிவிடுகிறார்.