விசுவாசப் புள்ளியா, வாடிக்கைப் பரிசா?

கோத்தகிரியில் என் மச்சான் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். ஜனவரி பிறந்ததும் கம்பெனி ஆள் வந்து ஒரு கட்டு நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த ஆண்டு நோட்டீசில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "ஒப்பந்ததாரர்களே! உங்கள் விசுவாசப் புள்ளிகளை இன்றே மீட்டெடுங்கள்!" கடைக்கு வந்த பெயிண்டிங் மேஸ்திரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஜெபக் கூட்டமாண்ணா? எந்த சர்ச்சுல?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை.

அவர் மேல் தப்பில்லை. விசுவாசி என்றால் தமிழில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மீட்பு என்றால் பாவத்திலிருந்து மீட்பு, இல்லாவிட்டால் அடகுக் கடையிலிருந்து நகையை மீட்பது. மேஸ்திரி புள்ளியை எங்கே அடகு வைத்தார், இப்போது மீட்பதற்கு? திரும்பத் திரும்ப வாங்குகிறவருக்குப் புள்ளி கொடுக்கிற 'லாயல்டி புரோகிராம்' என்பதை 'விசுவாசத் திட்டம்' ஆக்கி எழுதுவதைக் குறுஞ்செய்தியில் பார்த்தேன், செல்போன் கடை வாசலில் பார்த்தேன். "உங்கள் விசுவாசம் விரைவில் காலாவதியாகிறது" என்று எனக்கே ஒன்று வந்தது. இப்போது பெயிண்டு டப்பா வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லாயல்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சட்டம் என்று பொருள்படும் லத்தீன் 'லெக்ஸ்' அதன் வேர். 'லீகல்' அதற்கு உடன்பிறப்பு. விசுவாசம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, நம்பிக்கை என்று பொருள். தமிழில் அது ஒரு கிளையாகத் தேவாலயத்துக்குள் போயிற்று, இன்னொரு கிளையாக எசமான் வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று. "சோறு போட்ட வீட்டுக்கு விசுவாசமா இரு" என்பது சமமானவரிடம் பேசுகிற பேச்சா?

சரி, இந்தத் திட்டத்தில் உண்மையில் நடப்பது என்ன? கம்பெனி டீலருக்கு விற்கிறது, டீலர் மற்றவர்களுக்கு விற்கிறார். எந்த டப்பா எந்தச் சுவருக்குப் போயிற்று என்பது கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பெயிண்டு அடிப்பது என்று பெரும்பாலும் முடிவு செய்பவர் மேஸ்திரி. அவரைப் பிடித்து வைக்கத்தான் டப்பாவுக்குள் டோக்கன். அதிலுள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அவர் கணக்கில் புள்ளி ஏறும். சேர்ந்த புள்ளி பிறகு பணமாகவோ மிக்சி, கிரைண்டராகவோ மாறும். அப்புறம் ஆண்டுக் கொள்முதலைப் பார்த்து வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரிப்பார்கள். வெள்ளிக்காரருக்கு ஒரு டப்பாவுக்கு 100 புள்ளி என்றால் தங்கத்துக்கு 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வாங்குவது குறைந்தால் தங்கம் மறுபடி வெள்ளி. அமெரிக்காவில் கூரைத் தகடு செய்கிற கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், உயர்ந்த தரத்துக் கான்ட்ராக்டர் போட்ட கூரைக்கு மட்டும் நீண்ட வாரண்டி கொடுக்கின்றன.

இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது? டப்பாவுக்குப் பணம் கொடுப்பது வீட்டுக்காரர், புள்ளி ஏறுவது மேஸ்திரிக்கு. மேஸ்திரி யாருக்காவது விசுவாசமாக இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரருக்குத்தான் இருக்க வேண்டும். கம்பெனிக்கு இருந்தால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். வருமான வரிச் சட்டம் மொழிபெயர்ப்பாளரைவிடத் தெளிவாக இருக்கிறது. தொழில் வழியாக ஒருவருக்கு வரும் இப்படிப்பட்ட பலன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விசுவாசத்துக்கு எந்த ஊரில் டிடிஎஸ் பிடிக்கிறார்கள்?

தனித்தமிழ் நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். அவர் உடனே 'பற்றுறுதித் திட்டம்' என்றார். விசுவாசத்தைவிட இது மோசம். கடையில் பற்று என்றால் பாக்கி. பற்று வரவு எழுதாத கடை உண்டா? மச்சானின் நோட்டில் 'பற்று' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் இந்த மேஸ்திரிகள்தான். 'உங்கள் பற்றுப் புள்ளி 4,000' என்று எழுதிப் போட்டால் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். நண்பர் விடவில்லை. நாட்டுப்பற்று, மொழிப்பற்று எல்லாம் இல்லையா என்றார். இருக்கிறது. நாட்டின் மீதும் மொழியின் மீதும் பற்று வைக்கலாம், எமல்ஷன் பெயிண்டு மீது வைக்க முடியுமா? மூலச்சொல் தமிழாக இருந்தால் போதும், பொருள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைப்பதுதான் இவர்களுடைய தொல்லை. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மொழிபெயர்ப்பாளரும் இவரும் ஒரே கட்சி. இரண்டு பேரும் கடையில் வந்து ஐந்து நிமிடம் நின்றதில்லை. நின்றிருந்தால் மேஸ்திரியை 'ஒப்பந்ததாரர்' என்று அழைக்க மாட்டார்கள். அது டெண்டர் எடுத்து ரோடு போடுகிறவரின் பெயர்.

கடையில் நின்றால் காதில் விழும் சொல் வாடிக்கை. "அவர் நம்ம வாடிக்கை." இந்த மலையில் சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒரே பேக்டரிக்குப் பல வருடம் பச்சை இலை போடுவார். விலை கட்டுப்படியாகும், அவசரத்துக்கு முன்பணம் கிடைக்கும், அதனால் போடுகிறார். நாளைக்கு வேறிடத்தில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தால் மாறிவிடுவார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்வதில்லை, வாடிக்கை மாறிவிட்டது என்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறார், பலன் இருக்கும்வரை வருகிறார். கம்பெனி விலை கொடுத்து வாங்க நினைப்பதும் இதைத்தான். கன்னடத்தில் வாடிகெ, தெலுங்கில் வாடுக என்று இனச்சொற்கள் உண்டு. அதைக் காட்டி 'இது தூய தமிழா' என்று நண்பர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

'ரிவார்டு' என்பதற்கு வெகுமதி வேண்டாம், பரிசு போதும். பரிசுச் சீட்டு நினைவுக்கு வருமே என்றால், வரும்தான். ஆனால் பரிசுக்கும் பரிசிலுக்கும் பழைய உறவு இருக்கிறது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமானிடம் போகிறார். அவன் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்புகிறான். 'நான் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்துவிடுகிறார். ஆளைப் பார்க்காமல், கணக்கை மட்டும் பார்த்துக் கொடுப்பது வாணிகப் பரிசில். கியூஆர் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்? கடைப் பலகைக்குக் கொஞ்சம் கனமான சொல், அவ்வளவுதான். வாடிக்கைப் பரிசு என்றால் போதும்.

வெள்ளி, தங்கம் என்று பிரிக்கிற 'டியர்' (tier) என்பதற்கு அடுக்கு என்று எழுதுகிறார்கள். அடுக்கு என்றால் பாத்திரம் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது, வைத்த இடத்தில் இருக்கும். இங்கே ஆள் ஏறுகிறார், இறங்குகிறார். அதற்குப் படிதான் சரி. எங்கள் ஊரில் இறங்குவதே அதிகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் சுவர் காயாது. வேலை சூடு பிடிப்பது பிப்ரவரியில். மே சீசனுக்குள் லாட்ஜும் காட்டேஜும் பளபளக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒரே சீசனின் கொள்முதல் இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாக விழுந்து, தங்கப் படிக்கு இரண்டிலும் எட்டாமல் போகிறது. சமவெளிக்குப் போட்ட கணக்கு.

மச்சான் நோட்டீசை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் என்னையே எழுதச் சொன்னார். 'வாடிக்கைப் பரிசு. புள்ளிகளை மார்ச் 31-க்குள் மாற்றிக்கொள்ளவும்' என்று எழுதினேன். அதே மேஸ்திரி மறுபடி வந்தார், நின்று படித்தார்.

"டோக்கன் காசு. அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா."