ஆஃப்ஷோர் மீன்பண்ணை: ஆழ்கடலா, வெளிக்கடலா?

மீன் வளர்ப்புச் செய்திகளில் 'ஆஃப்ஷோர்' என்ற சொல் வந்தாலே நம்மவர் கை 'ஆழ்கடல்' என்று எழுதிவிடுகிறது. சொல் கம்பீரமானதுதான், பொருள்தான் பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் 'ஷோர்' கரை, 'ஆஃப்' விலகி. கரையை விட்டு விலகிய என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்கும் அதே சொல்தான்; அதை நம் பாடநூல்கள் நிலக்காற்று என்கின்றன. வரிக்குப் பயந்து அயல்நாட்டில் தொடங்கும் நிறுவனத்துக்கும் அதே அடைமொழி. எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடுவது வீண்வேலை.

'ஆழ்' என்பதோ ஆழத்தை மட்டுமே சொல்லும். கடலியலார் ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே இருப்பதைத்தான் ஆழ்கடல் என்பார்கள். அந்த இருட்டில் யாரும் மீன் வளர்க்கும் வலைக்கூண்டு கட்டுவதில்லை.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2010இல் இத்தாலியில் கூட்டிய ஆய்வரங்கில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கரையிலிருந்து 500 மீட்டருக்குள், 10 மீட்டர் ஆழத்துக்குள் இருப்பது கரையோரப் பண்ணை. 2 கிலோமீட்டருக்கு அப்பால், 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பேரலைக்கு நேரே நிற்பதுதான் ஆஃப்ஷோர். இடையில் இன்னொரு வகையும் உண்டு.

கடல் விராலை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கோபியா எனப்படும் இந்த மீனை ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகள் கூண்டுக்குப் போயின. ஆனால் அங்குள்ள பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அதே மீனைப் பனாமாவின் கரீபியக் கரையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி, நீருக்குள் அமிழ்த்திய கூண்டுகளில் வளர்க்கிறார்கள். கீழே போகப் போக அலையின் வேகம் தணியும் என்பதால் அந்த ஏற்பாடு. அங்கே நீரோட்டம் கழிவையும் மிச்சத் தீவனத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆழமற்ற விரிகுடாவில் அவை கூண்டுக்கடியிலேயே படிந்துவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் கரையை விட்டு விலகச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிலர் 'திறந்த கடல்' என்று எழுதுகிறார்கள். கடல் என்றைக்கு மூடியிருந்தது? என் தேர்வு 'வெளிக்கடல்'. வெளிக்கடல் மீன்பண்ணை, வெளிக்கடல் கூண்டு என்றால் விலகலும் புலப்படும், காப்பில்லாத பரப்பும் புலப்படும். மண்டபத்துக் கூண்டுகளுக்குக் 'கரைக்கடல்' போதும்.

மீன்பண்ணை என்பதற்கு முன்னே ஒட்டிக்கொள்ளும் அடைமொழி இன்னொன்று மிச்சமிருக்கிறது. 'சஸ்டெய்னபிள்' என்பதற்குத் தமிழ்நாட்டில் 'நீடித்த' என்றும், இலங்கையில் 'நிலைபேறான', 'பேண்தகு' என்றும் எழுதுகிறார்கள். நீடித்தது என்றால் ஏற்கெனவே நீண்டுவிட்டது என்று தொனிக்கிறது. பேணத்தக்கது என்பதில் பொறுப்பும் சேர்ந்திருப்பதால் எனக்குப் 'பேண்தகு' பிடிக்கும். ஆனால் கடல் விராலுக்குக் கடலில் பிடித்த சாளையையே வெட்டிப் போடும் கூண்டைப் பேண்தகு பண்ணை என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.