வெள்ளைத் துணிமேல் ஓர் உப்புக்கிண்ணம்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'குடியானவர் குடும்பம்' என்ற ஓவியத்தில் ஒரு கிழவி நம் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். கையில் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை, அதில் சிவப்பு ஒயின். நடுவில் குடும்பத் தலைவர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கத்தியைப் பிடித்திருக்கிறார். ஒரு சிறுவன் குழல் ஊதுகிறான். பின்னால் அடுப்பு வெளிச்சத்தில் பிள்ளைகள் குளிர்காய்கிறார்கள். 1642 வாக்கில் வரைந்தது. பிரெஞ்சு ஓவியர் லூயி லெ நேன் வரைந்தார் என்பது பொதுவான கருத்து. அன்ட்வான், லூயி, மத்தியோ என்ற சகோதரர்கள் மூவரும் வெறும் 'லெ நேன்' என்றே கையெழுத்திட்டதால், எது யார் கைவேலை என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். 113 சென்டிமீட்டர் உயரம், 159 அகலம். இதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பிளெமிஷ் ஓவியர் பிரவுவர் சின்னச் சின்னப் பலகைகளில் குடித்துச் சண்டைபோடும் குடியானவர்களை வரைந்துகொண்டிருந்தார், பார்ப்பவர் சிரிக்க. இங்கே அளவும் பெரிது, சிரிக்க எதுவுமே இல்லை.

அப்புறம், ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைத் தேட வேண்டும். ஓவியத்தைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். உடுப்பு நைந்திருக்கிறது, பிள்ளைக்குக் காலில் செருப்பில்லை. ஆனால் மேசையில் வெள்ளைத் துணி, கையில் கண்ணாடிக் கோப்பை! இது ஓரளவு வசதியான, சொந்த ஏர் வைத்திருந்த குடும்பம் என்கிறார்கள் சிலர். ரொட்டியும் ஒயினும் தேவ நற்கருணையின், அதாவது அவற்றைக் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக ஏற்கும் சடங்கின், அடையாளம் என்கிறார்கள் வேறு சிலர். வின்சென்ட் தெ பவுல் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் ஏழைகளுக்கான தொண்டு பாரிஸில் பரவிய காலம் அது; ஏழையிடம் கிறிஸ்துவைக் காணச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கண்ணை அந்த வெள்ளைத் துணிக்கு இழுப்பது வெளிச்ச வேறுபாடு. சுவரும் தரையும் உடுப்பும் மண்ணிலிருந்து வந்த பழுப்பும் சாம்பலும். அந்த மங்கலுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளை. நம் பார்வை நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் துணிக்கு நேராகப் போகிறோம்.

அந்தத் துணியில் இருப்பது உப்புக்கிண்ணம். இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. லெ நேன்களின் சொந்த ஊர் வட பிரான்ஸிலுள்ள லான். அன்று அந்த வட்டாரத்தில் அரசு கிட்டங்கியிலிருந்து இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம். விலையில் பெரும்பகுதி வரி. 1635-ல் பிரான்ஸ், ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த முப்பதாண்டுப் போரில் இறங்கியதும் வரிகள் ஏறின. 1639-ல் பிரான்ஸின் வடமேற்கில் உள்ள நார்மண்டியில் உப்புவரியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. ஈர மணலில் செருப்பில்லாமல் உழைத்த உப்புத் தொழிலாளர்களை வைத்து அதற்கு 'வெறுங்கால்கள்' என்று பெயர். ஓவியர் இதை நினைத்து வரைந்தாரா என்பது வேறு விஷயம். அன்று கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு உப்பின் விலை தெரியும்.

சரி, இத்தனை பேர் இருந்தும் ஏன் இவ்வளவு அமைதி? யாரும் யாரிடமும் பேசவில்லை, கத்தி இன்னும் ரொட்டிக்குள் இறங்கவில்லை. சிறுவன் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான்.