கார் ஸ்கேனர் ‘வருடி’ ஆகுமா?

போன மாதம் என் பட்டறைக்கு ஒரு பயிற்சிக் கையேடு வந்தது. என்ஜின், பிரேக் என்று காரின் ஒவ்வொரு வேலையையும் கவனிக்கும் குட்டிக் கணினிகளான மின்னணு மாட்யூல்களுக்கும், பழுதுக் குறிகளை எடுக்க நாங்கள் செருகும் ஸ்கேனருக்கும் இடையே பேச்சு அறுந்துபோனால் பழுதை எப்படித் தேடுவது என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆசையாகத்தான் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில், ‘வாகன வருடியைப் பொருத்தி அனைத்துத் தொகுதிகளையும் முழுமையாக வருடவும்’ என்று இருந்தது. மூடி வைத்துவிட்டேன். இந்த ‘வாகன வருடி’ எனக்குப் புதிதில்லை. பயிற்சி வகுப்பில் கேட்டாயிற்று. கருவி விற்க வந்தவர் கொடுத்த துண்டுத்தாளில் பார்த்தாயிற்று. மதுரைப் பக்கம் கே.புதூரிலும் கப்பலூரிலும் வேலை பார்க்கிற எந்த மெக்கானிக்கும் வாயால் சொல்லாத சொல் அது. எங்கள் பேச்சில் ஸ்கேனர்தான். ‘ஸ்கேனர் போட்டுப் பார்த்தியா?’ என்றுதான் கேட்போம். அதில் எனக்குக் குறை இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்துவிட்டு, வேலையையே தப்பாகக் காட்டும் சொல்லை எடுத்து வைப்பதில்தான் குறை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்கேன்’ லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலத்துக்கு ஏறுதல் என்று பொருள். செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து ஓசையைக் கணக்கிடுவதற்கு அது பயன்பட்டது. அதிலிருந்து ஒன்றை நுணுகிப் பார்ப்பது என்றானது. அப்புறம் ஒளியோ கதிரோ ஒரு பரப்பின் மேல் வரி வரியாக ஓடுவது என்றும் ஆனது. காரில் செருகும் கருவிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, ‘எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடு’ என்ற தளர்வான பொருளில்.

‘வருடி’ என்ற ஆக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்ததும், விளக்குப் பட்டை ஒன்று அடியில் மெல்ல ஊர்ந்து தாளைத் தடவிக்கொண்டு போகிறதே, அந்த எந்திரத்துக்கு இதைவிட அழகான பெயர் கிடைக்காது. சொல்லை உண்டாக்கியவர் அந்த எந்திரத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். கடைகளில் விலைப்பட்டையைப் படிக்கும் கருவிக்கும் அது பொருந்தும். அங்கேயும் ஒளி மேலே ஓடுகிறது.

ஆனால் வருடுதல் என்றால் என்ன? பாலமேட்டில் காளை வளர்ப்பவர் அதன் கழுத்தை வருடிக் கொடுக்கிறார். காளை பேசாமல் நிற்கிறது. வருடப்படுகிற பொருள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். தாளும் அப்படித்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், காது வேண்டாம், வாய் வேண்டாம். கார் மாட்யூல் அப்படியா? ஸ்கேனர் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, ஒயர் வழியாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. மாட்யூல் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, திருப்பிப் பதில் அனுப்ப வேண்டும். 03 என்று கேள்வி போனால், சேமித்து வைத்த பழுதுக் குறிகளோடு 43 என்று தொடங்கும் விடை வருகிறது. 01 என்று கேட்டால் 41. மாட்யூல்கள் ஒரே ஒயர் ஜோடியில் பேசிக்கொள்ளும் கேன் முறையில் 7டிஎஃப் என்ற எண்ணில் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்கலாம்; என்ஜின் மாட்யூல் 7இ8 என்ற தன் எண்ணைப் போட்டுப் பதில் சொல்லும். முழுக்க முழுக்க வினாவும் விடையும். இதில் வருடல் எங்கே வந்தது?

பெயர் எப்படி இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று சிலர் சொல்வார்கள். நடக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு காரை எடுத்துக்கொண்டு இளம் மெக்கானிக் ஒருவர் வந்தார். ‘அண்ணே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்க்கிற ஏபிஎஸ் மாட்யூல் செத்துப்போச்சுண்ணே. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டேன், இது மட்டும் வரவே இல்ல. புதுசு வாங்கச் சொல்லிரவா?’ என்றார். நான் சொன்ன அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்தான். என்ஜின் மாட்யூலில் யூ0121 பதிவாகியிருந்தது. ஏபிஎஸ் மாட்யூலோடு பேச்சு அறுந்தது என்பதுதான் அந்தக் குறிக்குப் பொருள். மாட்யூல் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், ‘நான் கூப்பிட்டேன், அவர் குரல் கொடுக்கவில்லை’ என்கிறார், அவ்வளவுதான். ‘தம்பி, பதில் சொல்லணும்னா அதுக்குக் கரண்டு வேணும்ல. அதைப் பார்த்தியா?’ என்று கேட்டேன். பார்க்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மாட்யூலுக்கு 12 வோல்ட்டும் வந்தது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் போல்ட்டு மட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றிச் சுரண்டி முறுக்கியதும் மாட்யூல் பேச ஆரம்பித்தது. அந்தப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடிப் பார்த்தும் ஒன்று தட்டுப்படவில்லை என்றால், அங்கே ஒன்றும் இல்லை என்றுதானே அந்தச் சொல் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது?

கேட்டு விடை வராமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. கேட்ட ஆளான ஸ்கேனருக்கே தெம்பில்லாமல் இருக்கலாம். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் வர வேண்டும், 4லும் 5லும் எர்த். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்த 16ஆம் பின்னுக்கும் ஃபியூஸ் ஒன்றே. அது எரிந்தால் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஸ்கேனருக்கு உயிரே வராது. கேள்வி போகும் வழி அறுந்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஒயர்கள் வரும் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். கேன் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று பக்க இணைப்பில் இருப்பதால், சேர்ந்து பாதியாகும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டன. புது வண்டிகளில் சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவில் கேட்வே ஒன்று தூது போகிறது. அங்கே இந்த அளவை மட்டும் நம்பி முழு வண்டிக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாவி போடாததால் மாட்யூல் தூங்கலாம். அதற்குத் தெரியாத மொழியிலும் நாம் கேட்டிருக்கலாம். பழைய வண்டிகள் சில 7ஆம் பின்னில் கே-லைன் என்ற ஒயர் வழியாகத்தான் பேசும். அப்புறம், 7எஃப் என்று தொடங்கி ஒரு விடை வரும். ‘நீ கேட்டது காதில் விழுந்தது, செய்ய மாட்டேன்’ என்று பொருள். அதையும் மௌனத்தையும் ஒன்றாகக் கருதி ‘தொடர்பு இல்லை’ என்று எழுதி வைக்கிறார்கள்.

இதெல்லாம் நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது. வினா ஆறு வகை, விடை எட்டு வகை. ஸ்கேனர் கேட்பது, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியா வினா. வண்டியின் வேகத்தைக் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவது வெளிப்படையான விடை. 7எஃப் என்பது மறுத்துச் சொல்லும் மறை விடை. ‘ஆடுவாயா?’ என்றால் ‘கால் வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். எந்த ஓட்டத்தில் எனக்கு என்ன நேர்ந்தது என்று மாட்யூல் எடுத்து வைக்கும் பழுதுக் குறியை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த மொழியில் வருடலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே தடவலாக ஆக்கிவிட்டோம்.

தமிழ்ச் சங்கம் ரோட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டபோது, ‘செய்யுளைச் சீர் பிரிப்பதுதானே மூலப்பொருள்? நமக்கு அலகிடுதல் இருக்கிறதே. அலகிடு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி’ என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வேருக்கு அது உண்மையாக இருக்கிறது, கருவிக்கு இல்லை. ‘ஆய்வி’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். ஆய்வது மெக்கானிக்கின் வேலை. கருவி கேட்டு வாங்கித் தருவதோடு சரி. அந்தப் பெருமையைக் கருவிக்குக் கொடுத்துத்தான் ‘ஸ்கேன்ல சொல்லிருச்சு, பார்ட்ஸை மாத்து’ என்கிற வியாதி பரவியிருக்கிறது.

கையேட்டை எழுதியவர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எர்த்தைத் ‘தரை’ என்று போட்டு, ‘தரை இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்கிறார்கள். படிப்பவன் பட்டறைத் தரையைக் குனிந்து பார்ப்பானா? கேன் பஸ்ஸை ‘கேன் பேருந்து’ என்று எழுதியிருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் நிற்பது பேருந்து. இது எல்லா மாட்யூலுக்கும் பொதுவான ஒயர் ஜோடி. பொதுத்தடம் என்று சொன்னால் படித்தவுடன் விளங்கும். மாட்யூலுக்குத் ‘தொகுதி’ போட்டதைவிட மாட்யூல் என்றே விட்டிருக்கலாம். எனக்குத் தமிழ்மேல் பிடிப்பு அதிகம். அதனால்தான் விளங்காத தமிழைவிட விளங்குகிற கடன்சொல் மேல் என்கிறேன். ஒரு நாள் பட்டறையில் வந்து நின்று பார்த்துவிட்டு எழுதினால் இந்தப் பிழைகளில் பாதி வராது.

சரி, என் சொல் என்ன? வினவு கருவி. தரவுத்தளத்தில் கேட்டு எடுப்பதற்கு ‘வினவல்’ என்று ஏற்கெனவே கணினித் தமிழில் எழுதுகிறார்கள், அதனால் ஆள் புதிதில்லை. ‘வினவி’ என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். ‘மெக்கானிக்கை வினவி அறிந்தேன்’ என்று வரும்போது பெயரா வினையெச்சமா என்று தடுக்கும். வினவு கருவி என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஊறுகாய், சுடுசோறு போல அது வினைத்தொகை. நேற்று வினவிய, இன்று வினவுகின்ற, நாளை வினவும் கருவி எல்லாம் அதற்குள் அடக்கம். இடையில் ஒற்றும் மிகாது. ‘வினவுக் கருவி’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

அந்தக் கையேட்டின் இரண்டாம் பக்க வரியை நான் இப்படி எழுதுவேன்: ‘வினவு கருவியைப் பொருத்தி ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியாக வினவவும். விடை வராத மாட்யூலுக்கு மின்சாரம், எர்த், பொதுத்தடம் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதைக் கழற்றவும்.’